முப்பத்தேழாம் நம்பர்க்காரன்

“முப்பத்தேழாம் நம்பர்க்காரன் வெளங்கவே மாட்டான்!”

அமுதவள்ளி போனை அடித்து வைத்த வேகத்தில் மாவு டப்பாவின் மூடி எகிறி உருண்டது.

“ஏட்டி, மெல்லப் பேசு. முன் ரூம்ல மாப்பிள்ளை வீட்டுக்காரவிய உக்காந்திருக்காவ,” என்று பதறினாள் அவள் அம்மா சுடலையம்மாள். “யாருட்டி அது? சிலிண்டர் போடுதவனா?”

“எத்தனை தடவைம்மா சொல்ல? ஜெர்மனியில அந்த லேசர் மிஷின் இருக்குல்லா…”

“எலெக்ட்ரானை விரட்டி விரட்டி ஓட விடுததா?”

“அதேதான். வரிசையா காந்தம் வச்சு, நடுவுல நெளிய நெளிய ஓடவிட்டா வெளிச்சமாக் கொட்டும். அதைப் பாய்ச்சித்தான் இரும்பும் மேல பூசுன பூச்சும் ஒட்டுத இடத்துல என்ன நடக்குதுன்னு நான் பாக்கணும். நம்ம காட்டுல கரிசல் முடிஞ்சு பாறை தொடங்குத இடம் மாதிரி. சாதா வெளிச்சத்துக்கு அது பிடிபடாது.”

கேசரி கிண்டிக்கொண்டிருந்த அத்தை செண்பகவல்லி கன்னத்தைத் தடவினாள். “அந்த வெளிச்சம் என் மருவை எடுத்திருமாட்டி?”

“மருவோட சேத்து அத்தையையும் எடுத்திரும்!”

அம்மா சிரித்தாள். அமுதவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்து ஆராய்ச்சிக்காரர்களெல்லாம் வரிசையில் நிற்கும் எந்திரம் அது. இரண்டு தடவை ‘இல்லை’ என்று கைவிரித்து, மூன்றாவது தடவைதான் அவளுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். விட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். பெரியவர்கள் கூடி நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த நாளும் சரியாக அந்த வாரத்தில்தான் வந்து விழுந்திருந்தது.

“ஆனிக் கடைசியை விட்டா ஆடி பொறந்திரும்லா,” என்றாள் அம்மா. “ஆடியில எவ வீட்டுல நிச்சயம் பண்ணுவா?”

“கல்யாணமே வேண்டாம்னா சொன்னேன்? அந்த வாரம் வேண்டாம்னுதான சொல்லுதேன்.”

“மாப்பிள்ளையும் பெங்களூர்ல ஏதோ லைட்டு சம்பந்தமாத்தான் வேலை பாக்காராம். சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாரு.”

“பல்பு விக்கிறவருக்கு இது புரியுமாக்கும்!”

மாப்பிள்ளையின் போட்டோ பத்து நாளாக அலமாரியில் குப்புறக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் கோபம் குறைந்துவிடுமோ என்று அவள் தொடவே இல்லை.

காப்பி என்னாச்சு என்று கேட்க வந்த அப்பா கருத்தையா, மகளின் முகத்தைப் பார்த்து நின்றார்.

“இது நம்ம கிணத்து முறை மாதிரிதானம்மா? எனக்கு முடியாத அன்னைக்கு உக்கிரபாண்டி தண்ணி பாய்ச்சுவான், அவன் முறையில நான் பாய்ச்சுவேன். நீயும் யார்கிட்டயாவது மாத்திக்கிட வேண்டியதுதான?”

“அதைத்தானப்பா கேட்டேன்! முப்பத்தேழாம் நம்பருக்கு ஆடியில முறை. அந்த மிஷின்காரவிய வெப்சைட்டுல பேரு ஊரெல்லாம் காட்ட மாட்டாவ, வெறும் நம்பர்தான். இங்கிலீஷ்ல கெஞ்சி கெஞ்சி எழுதினேன். அந்த வாரம் அவன் வீட்டுலயும் விசேஷமாம். மாட்டானாம்.”

“எழுதிக் கேட்டா எவன் தருவான்? நேர்ல போய் உக்காந்து, ஒரு வாய் காப்பி குடிச்சுப் பேசணும்.”

“அவன் எந்த நாட்டுல கிடக்கானோ! எங்கன போய் உக்கார?”

“சரி, இப்போதைக்கு முன்னால வந்து உக்காரு.”

அப்பா காப்பித் தட்டோடு முன்னறைக்குப் போனார். அமுதவள்ளிக்கு ஆற்றாமை தாங்கவில்லை. போனை எடுத்தாள். எதிராளிக்குப் புரியாது என்ற தைரியத்தில், இந்த முறை தமிழிலேயே, வீடு அதிர வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்:

“ஏலே முப்பத்தேழு! உன் வீட்டு விசேஷத்துல பாயசம் திரிஞ்சு போகட்டும்!”

அனுப்பினாள். மனசு கொஞ்சம் லேசானது.

முன்னறையில் யாருக்கோ காப்பி புரையேறியது. “ஐயோ, தம்பி தலையைத் தட்டுங்க!” என்று ஒரு பெண் குரல் கேட்டது. “போனைப் பாத்துக்கிட்டே குடிக்காதன்னு சொன்னாக் கேக்கானா?”

“போச்சு, நீ கத்துன கத்துல பயந்துட்டாவ,” என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

அமுதவள்ளியின் போன் துடித்தது. முப்பத்தேழாம் நம்பரிடமிருந்து பதில். முதல் தடவையாகத் தமிழில்:

“திரியப் போறது உங்க வீட்டுப் பாயசம்தாங்க. நிச்சயத்தை ஆவணிக்குத் தள்ளச் சொல்லி, பக்கத்துல உக்காந்திருக்கிற எங்க அம்மாகிட்ட இதே சத்தத்துல நீங்களே வந்து சொல்லிருங்க, எனக்குப் பயமா இருக்கு.”