லாபத்தில் பாதி

மச்சான் படியேறி வருவதைப் பார்த்ததும் பட்டறைக்காரர் கையிலிருந்த கணக்கு நோட்டை அவசரமாக ரெக்ஸின் சுருளுக்குள் செருகினார். மச்சான் அதைப் பார்த்துவிட்டார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

"வாங்க மச்சான். என்ன, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டு வந்தா எல்லாம் ஒழுங்கா இருக்குமே மாப்ள."

இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டு ஓட்டல் அடுப்படிகளில் நின்றே தேய்ந்த முழங்கால்களை மெல்ல மடக்கி, மச்சான் முக்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சம்பாத்தியம் முழுவதும் பள்ளிக்கூடப் பை தைக்கும் இந்தப் பட்டறையில்தான் இருக்கிறது. பாங்கில் போட்டால் வட்டி சேரும், அது மார்க்கம் தடுத்த ஹராம் என்று தங்கை புருஷனிடம் கொடுத்திருந்தார்.

பணம் இவருடையது, உழைப்பு அவருடையது. லாபத்தில் ஆளுக்குப் பாதி. நஷ்டம் வந்தால் இவர் போட்ட முதலில் கழியும். பள்ளிவாசல் ஹஜ்ரத் முன்னிலையில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக மாதம் பிறந்தால் பதினெட்டாயிரம் வீடு தேடி வந்துவிடும்.

"ஸ்கூல் தொறக்கிற மாசமும் பதினெட்டாயிரம், லீவு மாசமும் பதினெட்டாயிரம். அதெப்படி மாப்ள?"

"ஏதோ... அப்படி அமைஞ்சிடுது மச்சான்."

"காதுல பூ சுத்தாதீங்க."

ஆறு தையல் மெஷின்களில் நான்கு உறை போட்டுக் கிடந்தன. ஆட்களுக்குத் தாராளமாக லீவு கொடுக்கும் அளவுக்கு வசதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று மச்சான் மனசுக்குள் பொருமினார்.

"டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். அந்த நோட்ட எடுங்க."

"அது... சும்மா பழைய நோட்டு மச்சான்."

"மாப்ள, இனிமே என்னால நின்னு வேலை பார்க்க முடியாது. நானும் என் வீட்டுக்காரியும் கஞ்சி குடிக்கிறதே இந்தப் பணத்துலதான். அதுலயே நீங்க கை வச்சா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

பட்டறைக்காரர் அவர் முழங்கால்களைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் நோட்டை உருவி அவர் மடியில் வைத்தார்.

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒளித்து வைத்த லாபத்தைத் தேடித் தேடிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் நஷ்டம்தான் இருந்தது. பதினான்கு மாதமாக அதே கதை.

"நஷ்டமா? வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா உங்க முதல்ல கழியும். நீங்க படியேற படுற பாட்டைப் பார்த்துட்டு எப்படிச் சொல்லுவேன்? அடுத்த மாசம் சரியாயிடும், அடுத்த மாசம் சரியாயிடும்னே ஓட்டிட்டேன்."

திருடனைப் பிடிக்க வந்தவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாப்பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"அப்ப எனக்கு மாசாமாசம் குடுத்த பணம்? தங்கச்சி நகையா?"

"அது போன வருஷமே தீர்ந்துடுச்சு மச்சான்."

"பின்ன?"

பட்டறைக்காரர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"வட்டிக்கு வாங்கினது."