குவியலுக்குள் ஒரு கை

என் தானியக் கிடங்கின் மாடியில், ஹம்ஃப்ரி டாசெல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டார்.



டான்சிக் துறைமுகத்துக்குக் கோதுமை வாங்க வரும் இங்கிலாந்து வியாபாரிகள் எல்லோரும் செய்வதுதான். மேலாக இருக்கும் மணிகளை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தோள் மறையும்வரை கையைக் குவியலுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே ஜில்லென்று இருந்தால் நல்ல சரக்கு. கதகதப்பாக இருந்தால் நனைந்த சரக்கு, அடியில் அவிந்துகொண்டிருக்கிறது. கையை உதறிவிட்டு அடுத்த கிடங்குக்குப் போய்விடுவார்கள்.

என்னுடையது நனைந்த சரக்கு. ஆற்றில் படகு வரும்போதே மூன்று நாள் மழை. விடியற்காலையில் ஆள் வைத்துக் கிளறிப் பார்த்தேன். அடியில் சூடு அடங்கவே இல்லை.

இவர் எடுக்காவிட்டால் அத்தனையையும் ஆற்றில்தான் கொட்ட வேண்டும். எடுத்தாரென்றால், அவர் கப்பலில் கொண்டுவந்து கீழே இறக்கி வைத்திருக்கும் நாற்பது சிப்பம் நீலக் கம்பளித் துணி எனக்கு. என் மகள் ரெகீனாவின் கல்யாணம் அதில்தான் நிற்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் வந்த கொள்ளைநோய் எங்கள் வீட்டில் விட்டுவைத்தது என்னையும் அவளையும் மட்டும்தான்.

டாசெலின் ஊரில் பஞ்சம். அவிந்த கோதுமையை யார் பிள்ளைகள் தின்னப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"உங்க படி ஏறுறதுக்குள்ள உசிரே போயிடுச்சு லூடெக். பதினோரு நாளும் கப்பல்ல அந்தத் துணி மேலயே சுருண்டு கிடந்தேன்யா," என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பீரைக் கொஞ்சம் குறைச்சுக் குடியும்னு சொன்னா நீர் கேட்டாத்தானே," என்றேன். சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார்.

கண்ணை மூடினார்.

நான் மனசுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டேன்.

நேரம் நகரவில்லை. விரல்களை உள்ளே அளைந்து பார்ப்பது மணிகள் சரிவதிலிருந்து தெரிந்தது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"நல்ல சரக்குய்யா. சூடே இல்ல."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இருபது வருஷமாகக் கோதுமை வாங்குகிற மனுஷர். ஆண்டவர் என் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

கையை நீட்டினார். கை பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் இரண்டு பேருமே பின்வாங்க முடியாது. அவர் மனசு மாறுவதற்குள் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கை நெருப்பாகச் சுட்டது. காலையில் நான் தொட்டுப் பார்த்த கோதுமையைவிட அதிகமாக.

சுருட்டிவிட்ட சட்டைக்கைக்குக் கீழே, அக்குளை ஒட்டி, முட்டை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. அதே வீக்கத்தை ஆறு வருஷத்துக்கு முன் என் வீட்டிலேயே மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன்.

கீழேயிருந்து ரெகீனா கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு சிப்பத்தைப் பிரிச்சுப் போர்த்திக்கிட்டேன். என்னமா கதகதன்னு இருக்கு தெரியுமா!"