உள்தாழ்ப்பாள்

அறுபத்தெட்டு வயதான எஸ்தர் விடிந்ததும் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். உள்ளங்கையால் தள்ளிப் போட்ட தாழ்ப்பாளைத் திரும்ப இழுக்க விரல்கள் மடங்கவில்லை. வெளியே கணவர் ஞானமுத்து, “கதவ ஒடைக்கட்டுமா?” என்றார். “வேண்டாம், கொஞ்சத்துல கை சரியாயிரும்” என்று சொல்லி, வீங்கிய விரல்களை வெந்நீர் வாளிக்குள் முக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வெந்நீர் ஆறிப்போனது.

இதுவரை பார்த்த டாக்டர்களெல்லாம் வயசுக் கோளாறு என்று தைலம் எழுதியிருந்தார்கள். அன்று போய்ப் பார்த்த டாக்டரம்மாதான், “காலையில கை சரியாக எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார். “இன்னைக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம். இவுக வெளிய நின்னு மணி பாத்துக்கிட்டே இருந்தாக.” டாக்டரம்மா ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்ததும், “இது தேய்மானம் இல்லம்மா, முடக்குவாதம். மாத்திரை கேக்க ரெண்டு மூணு மாசமாகும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஞானமுத்து தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார். “இனிமே பயமில்ல. நான் வெளியவே நிக்கேன்.”

மறுநாள் காலை எஸ்தர் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை அழுத்திக்கொண்டு நின்றாள். குளிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவது கேட்டது.