கூட்டத்துக்கு வராதவள்

"அவளை இண்டைக்கு நேரில கேக்கிறன்!" என்று எழுந்தாள் கலாதேவி.

ஜெர்மனியின் ஹம் நகரில், ஒரு பேக்கரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெண்கள். ஊர்த் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் இனி வீட்டுக்கு ஒருவர்தான் பேசலாம் என்று தலைவர் தங்கராசா சொன்ன அன்றே வெளியேறியவர்கள். ஒருவர் என்றால் அது புருசன்தானே?

அன்றிலிருந்து, சங்கம் கூடும் அதே நேரத்தில் இவர்களும் தனியாகக் கூடினார்கள்.

வராதவள் பிரபாலினி மட்டும்தான். புருசனைப் பிரிந்து மகளோடு இருப்பவள்.

"இப்பவும் அந்த ஆம்பிளையளுக்கு நடுவிலதான் போய் இருக்கிறாளாம்."

"தலைவரிட்ட நல்ல பேர் எடுக்கத்தான், வேற என்னத்துக்கு?"

கலாதேவி விறுவிறுவென்று தெருவைக் கடந்து சங்க மண்டபத்துக் கதவைத் தள்ளினாள். கடைசி வரிசையில் பிரபாலினி. கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும் கோபம் கலாதேவிக்கு.

மேடையில் தங்கராசா பேசிக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு ஒருத்தர் எண்டதைச் சங்க விதியில சேர்க்கிறம். எதிர்ப்பு ஒண்டும் இல்லாதபடியால்..."

பிரபாலினி எழுந்து கையை உயர்த்தினாள்.

"திரும்பவுமோ?" என்றார் தங்கராசா.

"ஓம் அண்ணை. என்ர வீட்டுக்கு நான்தான் ஆள். எனக்குச் சம்மதமில்லை. ஒருத்தர் எதிர்த்தாலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளவேணுமெல்லோ?"

தங்கராசா கண்ணாடியைக் கழற்றினார். "உம்மால மூண்டாந்தரமும் தள்ளிவைக்கிறம்."

யாரோ ஏளனமாகச் சிரித்தார்கள். பிரபாலினி தலை குனிந்து உட்கார்ந்தாள்.

கலாதேவி மெல்லப் போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். இழுக்க வந்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் பிள்ளை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் எல்லாரும் எனக்காகத் திரும்பி வந்து, புருசன்மார் கதைக்க இதுக்குள்ள வாய்மூடி இருப்பியள் அக்கா. அந்தப் பேக்கரி அறையில எல்லாரும் சத்தமாச் சிரிச்சுக் கதைக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்லை."