பதினேழு பேர் இருந்த வீடு

"உள்ள பதினேழு பேர் இருக்காங்க சார்" என்றார் ஷாஹுல் ஹமீது, குரலைத் தாழ்த்தி.

கல்யாணராமன் ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர், மனைவி நீரஜா, மகன் ஷ்ரவண், வைஃபையைச் சரிபார்க்க வந்து இப்போது பேசிய ஆள். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட் அது. ஐந்தாவதாக ஒருவர் வந்தால் யாராவது பால்கனிக்குப் போக வேண்டும்.

ஷாஹுல் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். வீட்டு வைஃபையில் இருந்தவர்களின் பட்டியல். ஐந்து கருவிகள் இவர்களுடையவை. மீதிப் பன்னிரண்டும் யாருடையவை என்று தெரியவில்லை. ஒன்றின் பெயர் 'புலி2013'. முக்கால்வாசி கேம் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும், ஷ்ரவண் நண்பர்களுக்காகப் பூட்டாமல் வைத்திருந்த ஃபோல்டரில் புகுந்து ஒரு படத்தைப் பாதிவரை இறக்கியிருந்தது.

விஷயம் விளையாட்டல்ல. ஷ்ரவணுக்கு ஹைதராபாத் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தபடியே. ஆபீஸ் லேப்டாப் அவ்வப்போது வீட்டு வைஃபையை மோப்பம் பிடித்து மேலிடத்துக்குச் சொல்லிவிடும். அந்நியக் கருவிகள் இருப்பதாக இரண்டு எச்சரிக்கை மெயில் வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் பெட்டி படுக்கையோடு ஹைதராபாத்.

முதல் மெயில் வரலட்சுமி நோன்பு முடிந்த திங்கட்கிழமை வந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றினார்கள். அடுத்து, வீட்டில் லலிதா சகஸ்ரநாமப் பாராயணம் நடந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு மறுநாள் இரண்டாவது வந்தது. அன்றிலிருந்து கல்யாணராமனுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு யார் என்று நீரஜாவிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு மாடி வீட்டு குருபிரசாத் மேல் சந்தேகம். பால்கனியில் ஆன்டெனா மாதிரி ஏதோ வைத்திருந்தார். போய்ப் பார்த்ததில் துணி காயப்போடும் ஸ்டாண்டு. சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. தன்னிடம் கேமில் தோற்ற எவனோ பழிவாங்குகிறான் என்பது ஷ்ரவணின் கட்சி.

"எவனோ உடைச்சுண்டு வந்திருக்கான், அதானே?" என்றார் கல்யாணராமன்.

"உடைக்கவே இல்ல சார். எல்லாரும் பாஸ்வேர்டு போட்டுகினு, நேரா வாசல் வழியா வந்துகீறாங்க."

ரவுட்டர் எங்கே என்று கேட்டார் ஷாஹுல். ஹால் மூலையில் நீளமான மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல்தான் இருந்தது. சிக்னலுக்கு அதுதான் தோதான இடம் என்று நாலு வருஷம் முன்பு ஷ்ரவண் கண்டுபிடித்திருந்தான்.

"பெட்டியில இன்னா மாமி?"

"வீணை."

"வாசிப்பீங்களா?"

"மீட்டிங் இல்லாதப்போ" என்றார் நீரஜா.

மீட்டிங் காலை ஒன்பதுக்கு ஆரம்பிக்கும். அது முடிந்ததும் காதில் ஹெட்ஃபோனும் வாயில் மைக்குமாக கேம் ஆரம்பிக்கும். நடுவில் பத்தடி தள்ளியிருக்கிற அறையிலிருந்து ஷ்ரவண் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் காபி என்று அனுப்புவான். முன்னெல்லாம் நீரஜாவிடம் பதினோரு பேர் வீணை கற்றுக்கொள்ள வந்தார்கள். சத்தம் கூடாது என்றதும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

ஷாஹுல் ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். ரவுட்டர் வாங்கிய நாளிலிருந்து மாற்றாத, அதன் செட்டிங்ஸுக்குள் போவதற்கான தனி பாஸ்வேர்டை மாற்றினார். கேமுக்காக ஷ்ரவண் திறந்துவிட்டிருந்த வழிகளை அடைத்தார். ஃபோல்டருக்குப் பூட்டுப் போட்டார். பிறகு வைஃபையையே இரண்டாகப் பிரித்தார். ஆபீஸ் லேப்டாப்புக்கு ஒன்று, கேமுக்கும் வந்து போகிறவர்களுக்கும் இன்னொன்று. பட்டியலில் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். எதிர் பிளாக்கிலிருந்து ஒரு குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது.

இரண்டு பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

"கீழ இருக்கறது விருந்தாளிங்களுக்கு. யாருக்கு வேணா குடுங்க. மேல இருக்கறது ஆபீஸ் லைன். அது வெளிய போச்சுன்னா நான் செஞ்சதெல்லாம் வேஸ்ட்டு."

மேலே இருந்தது இருபத்துநாலு எழுத்து. ஷ்ரவண் அதை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்க் கதவைச் சாத்தினான். கல்யாணராமன் ஷாஹுலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். இனி பிள்ளை எங்கேயும் போகமாட்டான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாராம், செருப்பை மாட்டிக்கொண்டு கபாலி கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஷாஹுல் ஒயர்களைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். நீரஜா காபி கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ரவுட்டரைத் தூக்கி ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு, பெட்டியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார்.

"மேல இருக்கறதை மட்டும் கொஞ்சம் தெளிவா எழுதிக் குடுங்கோ. கொலுத் தாம்பூலத்துல வெக்க நாப்பது ஜெராக்ஸ் எடுக்கணும்."