ஹாம்பர்க் புகையிலை

புதுத் துண்டில் பொதிந்து, வேட்டி மடிப்புக்குள் சொருகி, பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தார் அப்பா. சௌந்தர்யா துண்டை உதறியதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர டப்பா கட்டிலில் விழுந்து உருண்டது.

பைப் புகையிலை. குடித்தால் சாவு என்று ஜெர்மன் மொழியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஹாம்பர்க்கிலிருந்து கைக்குழந்தையோடு நாமகிரிப்பேட்டைக்கு வந்து இறங்கி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அப்பாவின் குட்டு வெளிப்பட்டுவிட்டது. நாற்பது வருஷம் பீடி குடித்து, போன வருஷம் சேலத்தில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மனிதர். இனி ஒரே ஒரு இழுப்பு இழுத்தாலும் என்னைத் தேடி வராதீர்கள் என்று டாக்டர் கும்பிட்டு அனுப்பியிருந்தார்.

சௌந்தர்யாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஹாம்பர்க்கிலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஏழாம் மாதம் பெரிய கண்டத்தில் தப்பிப் பிழைத்தவளுக்குப் பிரசவம் பார்க்க வந்தவர்கள்தான் அம்மாவும் அப்பாவும். அம்மா பத்தியச் சமையலும் பிள்ளைத் துணியுமாக இடுப்பொடிந்து போனாள். அப்பாவோ தலையில் குல்லாவை மாட்டிக்கொண்டு, நல்ல பைப் புகையிலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஊரைச் சலித்துக்கொண்டிருந்தார்.

ரயிலடிக் கடையில் சிகரெட்டுதான் இருந்தது. கடைத்தெருவில் கிடைத்ததில் பழ வாசனை கலந்திருந்தார்கள். அசல் புகையிலைதான் வேண்டும் என்று அதைத் தள்ளிவிட்டார். கடைசியில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய கடையைக் கண்டுபிடித்தார். பேச மொழி தெரியாததால், காலாற நடந்துவிட்டு வரலாம் என்று பொய் சொல்லி அவளையே அங்கே கூட்டிப்போனார்.

கடைக்காரக் கிழவர் கண்ணாடி ஜாடியைத் திறந்து, முகர்ந்து பாருங்கள் என்று ஆசையாக நீட்டினார். அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார். சீல் உடைக்காத டப்பாதான் வேண்டும் என்று சொல்லச் சொன்னார். உங்கள் பைப் எந்த அளவு என்று கிழவர் கேட்டதற்கு, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தொட்டுக் காட்டினார். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார், அவளுக்கு மானம் போயிற்று.

நாற்பது வருஷம் புகையில் வெந்த மனிதர், மகள் முன்னால் மூக்கைப் பொத்தி நாடகம் ஆடுகிறார். அவரைக் கையோடு வீட்டுக்கு இழுத்து வந்து, இனிமேல் அந்தப் பக்கம் போனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவேன் என்று கத்தினாள். சரி சாமி என்று பூனை மாதிரித் தலையாட்டினார். தலையாட்டியவர்தான் தட்டுத்தடுமாறித் தனியாகப் பஸ் ஏறிப் போய் இதை வாங்கி வந்திருக்கிறார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர் சுடுகாட்டுக்கே குறுக்கு வழி தேடுகிறார்.

அவள் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா குமரகுரு ஈர வேட்டியோடு ஓடி வந்தார். மகள் கையில் டப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப் போயிற்று. அதை இப்படிக் கொடு என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"என்ற புள்ளைக்குத் தாத்தன் ஓணும்னு நான் கெடந்து தவிக்கறேன். நீங்க நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாகறதுக்கு வழி பாக்கறீங்களாங்கப்பா?"

தனக்கு இல்லை என்று முனகினார். பிறகு யாருக்கு என்றாள். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சம்பந்தி வீட்டுக்கா, பக்கத்துக் காட்டுக்காரருக்கா என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். திருடனுக்குத்தான் இப்படி நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்கு வெறி ஏறியது.

மேஜையில் கிடந்த ஸ்பூனை எடுத்து மூடியை நெம்பினாள். வேண்டாம் சாமி, வேண்டாம் என்று அவர் பாய்ந்து வருவதற்குள் டப்பென்று சீல் விட்டது. டப்பாவை முகத்தருகே கொண்டுபோய், அவர் கண்ணெதிரிலேயே நெஞ்சு நிறைய இழுத்து முகர்ந்தாள்.

"இந்த நாத்தத்துக்குத்தான் உசுரக் குடுக்கறீங்க?"

குமரகுரு கையை ஓங்கிவிட்டார். பெற்ற நாளிலிருந்து அவளை ஒரு தட்டு தட்டியதில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தன் நெற்றியில் படீர் படீரென்று அடித்துக்கொண்டு, ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தார்.

"செலுத்தற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஏழாம் மாசம் நீயும் புள்ளையும் பொழைக்கறது கஷ்டம்னு போன் வந்த அன்னிக்கு, நம்ம காட்டு முனியப்பன் காலுல போயி உழுந்தேன். ரெண்டு உசுரும் தங்குனா, என்ற புள்ள இருக்கற ஊருப் பொகையிலய உன்ற செலை வாயில இருக்கற மொழ நீளப் பைப்புக்குக் கொண்டாந்து வெக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்."

சௌந்தர்யாவின் கையிலிருந்த டப்பாவை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மோந்து பாத்தத அவனுக்கு எப்பிடிச் சாமி படைக்கறது?"