வெர்னாவுக்கு ஒரு தையல்பெட்டி

"தொடாதே! இன்னும் மெழுகு காயல!"

கர்ட்டிஸ் போட்ட சத்தத்தில் ஜனெலின் கையிலிருந்த உருளைக்கிழங்கு மசியல் கிண்ணம் ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

"நான் ஏன் தொடறேன்? அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துட்டே இருக்கான். நீ இன்னும் மரத்தூளைப் பூசிக்கிட்டு கராஜ்ல நிக்கிற. குளிச்சியா?"

"குளிக்கிறது கிடக்கட்டும். பெட்டியைப் பாரு."

பார்த்தாள். மேப்பிள் மரத்தில் ஒரு தையல்பெட்டி. தேன் நிறம், குறுக்கே புலிவரி. தலையைச் சாய்த்துப் பார்த்தால் வரிகளும் கூடவே நகர்ந்தன.

"நிஜமாவே நீயா செஞ்ச?"

"பின்ன, அணில் வந்து செஞ்சுதா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆமா, இந்தச் சிவப்புப் போர்வை இங்க எப்படி..."

"கீறல் விழக் கூடாதுன்னு அடியில விரிச்சிருக்கேன். நீ போ, உள்ள வான்கோழி கருகப் போகுது!"

ஜனெல் ஓடிவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் வான்கோழி என்பது கொஞ்சம் ஆபத்தான சொல். கல்யாணமான புதிதில், மாமியார் வெர்னாவை அசத்துகிறேன் பேர்வழி என்று அவள் சமையலறைச் சுவரில் கர்ட்டிஸ் பாத்திரம் அடுக்க ஒரு பலகைத் தட்டு அடித்துக் கொடுத்தான். வருஷா வருஷம் வான்கோழி சமைக்கும் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று அது பீங்கான் பாத்திரங்களோடு சேர்ந்து விழுந்தது. விழுந்த இடம் வான்கோழி.

அன்றோடு வெர்னா அவன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் மகளிடம்தான் பேசுவாள். "உன் புருஷனுக்குக் காபி வேணுமான்னு கேளு." "உன் புருஷன் சுத்தியல் பக்கம் போகாமப் பார்த்துக்கோ."

அந்த வாயால் ஒரே ஒரு முறை 'கர்ட்டிஸ்' என்று கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இலையுதிர் காலம் முழுக்க இந்தத் தவம். வரியோடிய மரம் லேசில் வழிக்கு வராது. இழைத்தால் செதில் செதிலாகப் பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்த பள்ளத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்ததில், பெட்டிக்கு முன்னால் அவன் விரல் நுனிகள்தான் வழவழப்பாயின. முதலில் செய்த மூடி சின்னதாகப் போயிற்று. அடுத்தது கோணல். மூன்றாவது மூடி சரியாக உட்கார்ந்தபோது கையிலிருந்த பலகையும் தீர்ந்திருந்தது.

வாசலில் பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டே வெர்னா கேட்டாள்.

"ஜனெல், என் மேஜை எப்படி இருக்கு? உன் புருஷன் அது மேல எதையும் கொட்டி வைக்கலையே?"

போன குளிர்காலத்தில் சின்ன அபார்ட்மெண்டுக்குக் குடிபோனபோது, சாப்பாட்டு மேஜையை மகளிடம் கொடுத்திருந்தாள். அதனால் விருந்தும் இந்த வருஷம் முதல்முறையாக இங்கே.

"நீ போட்ட விரிப்பைக்கூட எடுக்கலம்மா. அப்படியே இருக்கு."

கர்ட்டிஸ் பொறுக்கவில்லை. சாப்பாட்டு அறையில் வெர்னா நாற்காலியில் உட்கார்ந்ததுமே பெட்டியை மடியில் வைத்துவிட்டான்.

"உங்களுக்குத்தான். நானே செஞ்சேன்."

வெர்னா மூடியைத் திறந்தாள், மூடினாள். குறை தேடும் விரலால் மூலை மூலையாகத் தடவினாள். விரல் எங்கேயும் தட்டவில்லை. அவள் முகம் இளகியதை அவன் அன்றுதான் பார்த்தான்.

"கர்ட்டிஸ்," என்றாள்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"கர்ட்டிஸ்னு சொன்னேன். உன் பேர்தானே அது? இன்னிக்கு என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடு."

கர்ட்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. கண்கூடக் கலங்கிவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"இவ்வளவு நல்ல மரம் எந்தக் கடைல கிடைச்சுது?" என்று வெர்னா கேட்டாள்.

"கடையாவது! நம்ம கராஜ்லயே ஒரு மூலைல சும்மாக் கிடந்துச்சு. முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க. மேல கறுத்துப்போன வார்னிஷ். அதைச் சுரண்டறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. போதாததுக்கு, எவனோ ஒரு மடையன் பலகை ஓரத்துல வரிசையா மரக்குச்சி வேற செருகி வச்சிருந்தான்."

பெட்டியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"குச்சியா? அதை என்ன பண்ணின?"

"அறுத்துத் தூக்கிப் போட்டேன்!"

அதற்குள் மற்ற விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள். பழைய இடம் போதாது. ஜனெலும் அண்ணனும் விரிப்பை உருவிவிட்டு, மேஜையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அது இரண்டாகப் பிரிந்து, நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"கர்ட்டிஸ், நடுவுல சொருகுற பலகையை எடுத்துட்டு வா!" என்றாள் ஜனெல். "கராஜ்ல, அந்தச் சிவப்புப் போர்வைல சுத்தி வச்சிருந்தேனே!"

பிரிந்து நின்ற இரண்டு பாதியிலும், கறுத்த வார்னிஷுக்கு அடியில் அதே புலிவரி தெரிந்தது; உள் ஓரத்தில் குச்சி செருகும் துளைகள் வரிசையாக. கர்ட்டிஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வெர்னா மேஜையைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள்.

"கராஜுக்கெல்லாம் போக வேண்டாம், ஜனெல். பலகை என் மடியிலதான் இருக்கு. உன் புருஷன் அதுக்குக் கீல் வச்சு, மூடி போட்டுக் குடுத்திருக்காரு."